இதர

எட்டுக் கட்டம்.
பெயர், பதிவெண், துறை, தேறிய ஆண்டு,
வேலை, சம்பளம், மேற்படிப்பு, இதர.
தணிக்கைக் குழு வருவதற்குள்
நானூற்றுப் பன்னிரண்டு பேரைப் பிடித்துவிடு என்று
உதவிப் பதிவாளர் தந்த சிம் கார்டில்
யார் பெயரோ வருகிறதாம்.
பாதிப் பேர் எடுப்பதில்லை.
வங்கிக்காரன் என்று நினைக்கிறார்கள்.

நானும் அப்படித்தான்.
தெரியாத எண் என்றால்
அடித்து ஓயட்டும் என்று
செல்லைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

சௌடேஸ்வரி, எம்.காம்., திருப்பூர்.
பின்னால் ஓவர்லாக் மிஷின் ஓடுகிறது.
"பீஸ் கணக்கு எழுதறனுங்.
முந்நூறு டஜன் போனா முந்நூறுன்னு எழுதோணும்.
அதுக்கு எம்.காம். எதுக்குன்னு கேக்காதீங்,
மொதலாளியே அதத்தான் கேட்டாருங்."
சம்பளம் வாரத்துக்கு, சனிக்கிழமை.
கட்டமோ மாதத்துக்குக் கேட்கிறது.
நாலால் பெருக்கினேன்.
இரண்டு மூன்று நாள் கூலி வெளியே நின்றது,
நிற்கட்டும்.

நவநீதன், எம்.எஸ்சி. புவியமைப்பியல்.
திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு
சத்தீஸ்கரில் எங்கோ.
அறுநூறு அடி இறக்கியும் புகைதான் வருகிறதாம்.
படித்த படிப்புக்குத் தொடர்புள்ள வேலையா?
கேட்கச் சொல்லியிருக்கிறார்கள், கேட்டேன்.
சிரிப்பா இரைச்சலா, தெரியவில்லை.
"கல்லப் பாத்தாலே சொல்லிருவேன் அம்மிணி,
தண்ணியில்லைன்னு. ஆரு கேக்கறாங்க?
அடிக்கணக்குக்குத்தான காசு."
ஆம் என்று எழுதினேன்.
அதுவரைக்கும் அவன்தான் பட்டியலிலேயே அதிகச் சம்பளம்.
கடனும் போன வருசமே தீர்ந்துவிட்டது.
சத்தமாப் பேசுங்க, எடது காது கேக்காது என்றான்.
சத்தமாகப் பேசினேன்.

லோகப்பிரகாஷின் எண்ணை
அவன் அப்பா எடுத்தார்.
நான் வாயைத் திறப்பதற்குள்
"ஏனுங் சார், கார்த்திகைக்குள்ள ஒரு தவணை கட்டீர்றமுங்,
மஞ்ச வெல எறங்கிப்போச்சு,
பையன் எங்கியும் ஓடிப் போகலீங்."
சாரில்லை, பல்கலைக்கழகத்திலிருந்து பேசுகிறேன் என்றதும்
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
எங்கள் இரண்டு பேர் பக்கமும் ஒன்றுதான்.
பிறகு மெல்ல,
"அப்ப, வேலை ஏதாச்சும் போட்டுத் தர்றீங்களா கண்ணு?"

பையன் அஞ்சாவது முறையாகக்
குரூப் நாலு எழுதப் போயிருக்கிறான்.
எந்தக் கட்டத்தில் போடுவது?
உதவிப் பதிவாளர் யோசிக்கவே இல்லை.
"படிக்கிறான்ல? மேற்படிப்பு."

மதியத்துக்கு மேல்
பெங்களூரில் யுவஸ்ரீ எடுத்தாள்.
கணினியியல். மாதம் ஒன்றே கால் லட்சம்.
"மீட்டிங்ல இருக்கேன், சீக்கிரம்."
அந்த ஒரு வரியில்
சௌடேஸ்வரி, லோகப்பிரகாஷ்,
எடுக்காதவர்கள், எண் மாற்றிக்கொண்டவர்கள்
எல்லாருக்கும் கொஞ்சம் சம்பளம் உயர்ந்தது.
சராசரி இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம்.
உதவிப் பதிவாளர் டீ சொன்னார்.
தேடிப் பார்த்தேன்,
அந்தச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவர்கூட
பட்டியலில் இல்லை.

இருநூற்று முப்பத்தேழாவது வரி, எம்.ஏ. பொருளியல்,
நான்.
அசல் ஒரு லட்சத்து எண்பது,
மீதி இரண்டு லட்சத்துப் பத்து.
கட்டக் கட்ட ஏறுகிறதே என்று
வங்கி மேலாளரிடம் கேட்டேன்.
பொருளியல் படிச்ச பொண்ணுதானே என்றார்.
தொகுப்பூதியம் பன்னிரண்டாயிரம்,
பதினோரு மாதத்துக்கு ஒருமுறை
ஒரு நாள் நிறுத்தி மறுபடி எடுப்பார்கள்.
"உன்னையும் சேர்த்துக்கம்மா,
அரசு நிறுவனத்தில் பணின்னு போட்டுரு.
அதுல ஆள் கம்மியா இருக்கு."

எல்லாரும் போன பிறகு
முறைப்படியே செய்வோம் என்று
அலுவலகச் செல்லில் என் எண்ணை அழுத்தினேன்.
பைக்குள், டிபன் பாக்ஸுக்கு அடியில்,
அது அதிர்ந்தது.
கரண்டியும் சேர்ந்து அதிர்ந்தது.

மூன்று முறை முயல வேண்டும் என்பது விதி.
மூன்று முறையும் எடுக்கவில்லை.
தொடர்பு கொள்ள இயலவில்லை என்று
இதர கட்டத்தில் எழுதிவிட்டு
ஐந்தே முக்கால் சோமனூர் பஸ்ஸுக்கு ஓடினேன்.